புவெப்லா: மிளகாய் கிளம்பிய நாட்டில் ஒரு பகல்

மெக்சிகோவின் இந்தக் காலனிக் கால நகரம் தன் சமையலையும் பூ ஓடுகளையும் கொண்டாடுகிறது. இங்கே விலைக்கு வாங்கப்பட்ட ஓர் இந்தியப் பெண்ணை மட்டும் ஓர் உடையின் பெயராக மாற்றிவிட்டது.

புவெப்லாவில் காலையில் கதவைத் திறப்பவர்கள் ஒரு கணம் மேற்கே பார்த்துக்கொள்கிறார்கள். பொபோகதெபெத்தில் எரிமலை அங்கே நிற்கிறது. உயரம் 5,400 மீட்டருக்கு மேல். உச்சியிலிருந்து வெள்ளையாக ஒரு புகைக் கீற்று சாய்ந்து போகிறது. ஊர்க்காரர்களுக்கு அது 'டான் கோயோ'. வீட்டில் இருக்கும் கோபக்காரப் பெரியவரைச் சொல்வதுபோல, பயமும் செல்லமுமாக அப்படிச் சொல்கிறார்கள். 2023 மே மாதம் பெரியவர் சற்று அதிகமாகவே இருமியபோது ஊரெங்கும் சாம்பல் படிந்து விமான நிலையத்தை மூட வேண்டியிருந்தது. நான் போன செப்டம்பர் காலையில் அவர் சாதுவாகத்தான் இருந்தார். மழைக்காலம் என்பதால் பத்து மணிக்குள் மேகம் மூடிவிடுகிறது. சீக்கிரம் எழுந்தவர்களுக்கே தரிசனம்.

மெக்சிகோ சிட்டியின் கிழக்கு பஸ் நிலையத்திலிருந்து புவெப்லா சுமார் 130 கி.மீ. பஸ்கள் அடிக்கடி புறப்படுகின்றன. இரண்டு மணி நேரத்தில் போய்ச் சேரலாம். கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கு மேல், ஏறக்குறைய ஊட்டியின் உயரத்தில் இருக்கிறது ஊர். காலையில் ஸ்வெட்டர் வேண்டும், பதினொரு மணிக்கு அதைக் கழற்ற வேண்டும், மூன்று மணிக்குக் குடை வேண்டும். ஒரு நாள் போதுமா என்றால் போதாது. ஆனால் தலைநகரில் தங்கியிருக்கும் பயணிக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு நாள்தான். நல்லவேளையாக, பழைய ஊரை நடந்தே பார்த்துவிடலாம். தெருக்கள் சதுரங்கக் கட்டம்போல ஓடுகின்றன. '6 கிழக்கு', '4 தெற்கு' என்று எண்ணும் திசையும் சேர்ந்ததுதான் தெருப் பெயர். கணக்குப் புரிந்துவிட்டால் யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை.

1531-ல் ஸ்பானியர்கள் புதிதாக வகுத்துக் கட்டிய நகரம் இது. மெக்சிகோ சிட்டியைப் போல, இடித்த கோயில்களின் மேல் எழுந்ததல்ல. தேவதைகள் வானிலிருந்து இறங்கிக் கயிறு பிடித்துத் தெருக்களை அளந்து கொடுத்ததாக ஐதீகம். 'தேவதைகளின் புவெப்லா' என்ற பழைய பெயர் அதனால் வந்தது. ஸ்பானியக் குடியேறிகள் தங்கள் சொந்த உழைப்பில் வாழும் முன்மாதிரி ஊராக இது இருக்க வேண்டும் என்று பிரான்சிஸ்கன் துறவிகள் ஆசைப்பட்டார்கள். கயிறு பிடித்தது யாராக இருந்தாலும், கல்லும் மரமும் சுமந்தவர்கள் யார் என்பதில் சந்தேகமில்லை. அருகிலுள்ள ட்லஷ்காலா, சோலூலா ஊர்களிலிருந்து ஆயிரக்கணக்கில் வரவழைக்கப்பட்ட பூர்வகுடி மக்கள்தான் அவர்கள். யார் செய்தார்கள், யார் பெயரில் நிற்கிறது என்ற இந்தக் கணக்கு ஊரைச் சுற்றும்போது திரும்பத் திரும்ப எதிர்ப்படுகிறது.

காலை உணவு தெருமுனையில். பெரிய அலுமினியப் பானையில் ஆவி பறக்கிறது. உள்ளே தமால். மக்காச்சோள மாவைப் பிசைந்து, நடுவே மிளகாயோ இறைச்சியோ வைத்து, சோளத் தோகையில் பொதிந்து வேகவைப்பது. நம் கொழுக்கட்டைக்கு அண்ணன் முறை. கூடவே ஒரு குவளை அதோலே, அதாவது சூடான சோளக் கூழ். இந்த நாட்டில் சோளத்தை அப்படியே அரைப்பதில்லை. சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ஊறவிட்டு, தோல் கழன்ற பிறகு அரைக்கிறார்கள். மாவுக்கு ஒட்டும் தன்மை வருவது அதனால்தான். தானியத்தில் கட்டுண்டு கிடக்கும் நயாசின் என்ற சத்து உடம்பில் சேர்வதும் அதனால்தான். ஐரோப்பியர்கள் சோளத்தை எடுத்துப் போனார்கள், சுண்ணாம்பை விட்டுவிட்டுப் போனார்கள். சோளத்தையே நம்பி வாழ்ந்த இத்தாலிய ஏழைகளை பெலாக்ரா நோய் பிடித்தது பிறகு நடந்த கதை.

பானைக்குப் பின்னால் நிற்கும் அம்மாள் வாடிக்கைக்காரப் பெண்களை 'மர்ச்சாந்தா' என்று அழைக்கிறார். அவர்களும் அவரை அதே சொல்லால்தான் அழைக்கிறார்கள். வாங்குபவருக்கும் விற்பவருக்கும் ஒரே விளி. பேரம் பேசுவதற்கு இது எவ்வளவு சௌகரியம் என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் தெரியும்.

சைவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 'இறைச்சி இல்லை' என்று சத்தியம் செய்து தரப்படும் தமாலிலும் மாவு பன்றிக் கொழுப்பில் பிசையப்பட்டிருக்கும். மொச்சை மாதிரியான பீன்ஸ் மசியலும் அப்படியே. 'மந்தேக்கா இருக்கிறதா?' என்று தனியாகக் கேட்க வேண்டும். மனம் தளர வேண்டாம். சந்தைக்குள் போனால் பூசணிப்பூ வைத்து மடித்த கெசதியா தோசைக்கல் போன்ற கல்லில் சுடச்சுடக் கிடைக்கிறது. முள் சீவிய நோபல் இலைகளும் அடுக்கி வைத்திருக்கிறார்கள். நோபல் வேறொன்றுமில்லை, நம் ஊர் வேலியோரத்துச் சப்பாத்திக்கள்ளியின் இனம்தான். சுட்டு, உப்பும் எலுமிச்சையும் பிழிந்தால் வெண்டைக்காயைப் போலக் கொஞ்சம் கொழகொழப்பு, கொஞ்சம் புளிப்பு. இந்தக் கள்ளியில் வாழும் பூச்சியிலிருந்துதான் ஸ்பெயின் கோடிகளைக் குவித்த சிவப்புச் சாயம் வந்தது. அந்த லாபத்தில் பங்கு தேடித்தான் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன் சென்னை சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் போட்டார். மெக்சிகோவின் சாயத்தோடு போட்டி போட அதனால் முடியவில்லை.

ஊரின் நடுவே ஸோக்கலோ என்ற சதுக்கம். மரங்கள், பெஞ்சுகள், பூட்ஸ் துடைப்பவர்கள், பலூன்காரர்கள். செப்டம்பர் 16 சுதந்திர தினம் என்பதால் மாதம் முழுவதும் பச்சை, வெள்ளை, சிவப்புக் கொடிகளை மூங்கிலில் கட்டித் தோளில் சுமந்து விற்கிறார்கள். சதுக்கத்தின் தெற்கே கதீட்ரல். 1575-ல் தொடங்கி, 1649-ல் பிஷப் ஹுவான் தெ பலஃபோக்ஸ் அர்ச்சித்துத் திறந்தது. சுமார் 70 மீட்டர் உயரத்தில் இரட்டைக் கோபுரங்கள், சாம்பல் நிறக் கல், வேலியெங்கும் தேவதைச் சிலைகள். கோபுரத்தில் பெரிய மணியை ஏற்றியதும் தேவதைகள்தானாம். இந்த ஊரில் கட்டிட வேலைக்குத் தேவதைகளுக்குப் பஞ்சமே இருந்ததில்லை.

கதீட்ரலுக்குப் பின்புறத் தெருவில் மாடிப்படி ஏறினால் பலஃபோக்ஸ் நூலகம். 1646-ல் அந்த பிஷப் தன் 5,000 புத்தகங்களை இங்கே கொடுத்தார். மடத்துக்காரர்கள் மட்டுமல்ல, படிக்கத் தெரிந்த எவரும் வரலாம் என்பது அவருடைய நிபந்தனை. (படிக்கத் தெரிந்தவர்கள் அன்று எத்தனை பேர் என்பது வேறு விஷயம்.) இன்று 45,000-க்கு மேற்பட்ட நூல்கள். இப்போதைய மண்டபம் 1773-ல் அமைந்தது. தேவதாரு அலமாரிகள் மூன்று அடுக்காக உயர்கின்றன. தோலட்டைகளின் வாசனை, மர வாசனை, மெல்லிய வெளிச்சம். 2005-ல் யுனெஸ்கோ தன் 'உலக நினைவகம்' பட்டியலில் சேர்த்தது. பத்து நிமிடத்தில் பார்த்துவிட்டு இறங்கும் சுற்றுலாக் குழுக்களைப் பார்த்தால் பரிதாபமாக இருக்கிறது. ஒரு பெஞ்சில் அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டிய இடம் அது.

சாந்தோ தொமிங்கோ தேவாலயத்துக்குள் இருக்கும் ஜெபமாலை மாதா சிற்றாலயத்தைப் பார்க்காமல் புவெப்லாவிலிருந்து திரும்பக் கூடாது என்று எல்லாக் கையேடுகளும் சொல்கின்றன. 1690-ல் திறந்தது. சுவர், தூண், கூரை எங்கும் சுதைச் சிற்பத்தின் மேல் தங்கத் தகடு. இலையும் கொடியும் குழந்தை முகங்களுமாக ஓர் அங்குலம்கூட வெற்றிடம் கிடையாது. கண் உட்கார இடமில்லை. பிரமிப்பு உண்மைதான். எனக்கு என்னவோ, அங்கிருந்து வடக்கே சில தெருக்கள் தள்ளியிருக்கும் ஒரு சமையலறைதான் அதைவிடப் பிடித்தது.

சாந்தா ரோசா பழைய கன்னிமடத்தின் சமையலறை அது. இப்போது அருங்காட்சியகம். தரையிலிருந்து வளைந்த கூரை வரை தலவேரா ஓடுகள் பதித்திருக்கிறார்கள். வரிசையாக அடுப்புகள், மண் பானைகள், மரக்கரண்டிகள். தரையில் மூன்று கால்களுடன் சாய்வாக நிற்கும் ஒரு கருங்கல், அதன்மேல் உருட்டுக் கல். மெதாத்தே என்று பெயர் எழுதியிருக்கிறது. தமிழ் வாசகருக்குப் பெயர்ப்பலகை தேவையில்லை. அது அம்மி.

இந்தச் சமையலறையில்தான் 17-ஆம் நூற்றாண்டில் ஆந்திரேயா என்ற கன்னிகாஸ்திரி, மேலிடத்து விருந்தாளிகளுக்காக மோலே பொப்லானோ என்ற குழம்பைக் கண்டுபிடித்தார் என்று கதை. மெக்சிகோவின் தேசிய உணவு என்று சொல்லத்தக்க பண்டம் இது. உலர்ந்த மிளகாயில் முலாத்தோ, ஆன்ச்சோ, பசியா, சிப்போட்லே என்று நான்கு வகை வரை போகும். விதையும் நரம்பும் நீக்கி, கொழுப்பில் கருகாமல் வதக்க வேண்டும். பாதாம், வேர்க்கடலை, எள், உலர்திராட்சை, தக்காளி, பழைய சோள ரொட்டி எல்லாவற்றையும் தனித்தனியாக வறுக்க வேண்டும். பிறகு பட்டை, கிராம்பு, மிளகு, சோம்பு, கொத்தமல்லி விதை. எல்லாவற்றையும் அரைத்து, வான்கோழி வேகவைத்த நீரில் கரைத்து, மணிக்கணக்கில் கொதிக்கவிட்டு, கடைசியில் கொஞ்சம் சாக்லேட். வெளிநாட்டுப் பத்திரிகைகள் 'சாக்லேட் குழம்பு' என்று எழுதுவது, நம் வத்தக் குழம்பை 'வெல்லக் குழம்பு' என்று எழுதுவதற்குச் சமம்.

மேலே சொன்ன பட்டியலை இன்னொரு முறை பார்த்தால் உலகப் படம் தெரியும். மிளகாயும் தக்காளியும் சாக்லேட்டும் வான்கோழியும் இந்த மண்ணுடையவை. வேர்க்கடலை தென் அமெரிக்கா. மிளகு மலபாரில் விளைந்தது. பட்டை இலங்கையினுடையது, இன்றும் மெக்சிகோக்காரர்கள் இலங்கைப் பட்டையைத்தான் கேட்டு வாங்குகிறார்கள். எள்ளும் கிழக்கிலிருந்து வந்ததே. போர்ச்சுகீசியர் மிளகாயை 16-ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவந்தபோது தமிழர்கள் அதற்கு மிளகை ஒட்டி 'மிளகாய்' என்று பெயர் வைத்தார்கள். ஸ்பானியர்களும் மிளகுக்கான 'பிமியெந்தா' என்ற சொல்லிலிருந்து 'பிமியெந்தோ' என்று வைத்தார்கள். கொலம்பஸ் கிளம்பியதே மிளகைத் தேடித்தானே.

ஆந்திரேயாவின் கதையில் ஒரு சிக்கல் உண்டு. மோலே என்பது 'மோல்லி' என்ற நவாட்ல் மொழிச் சொல். குழம்பு என்று பொருள். மிளகாயும் தக்காளியும் பூசணி விதையும் அரைத்து வான்கோழியோடு பரிமாறிய குழம்புகளை அந்த மடம் தோன்றுவதற்கு முன்பே, 16-ஆம் நூற்றாண்டில், துறவி சஹகுன் எழுதி வைத்திருக்கிறார். கன்னிமடங்களில் பணிப்பெண்களும் அடிமைகளும் இருந்தார்கள். முழங்காலிட்டு மெதாத்தேயில் மிளகாய் அரைத்தவர்கள் பெரும்பாலும் அவர்களே. பூர்வகுடிப் பெண்ணின் குழம்பில் கன்னிகாஸ்திரி ஆசியாவின் மசாலாவைச் சேர்த்தார் என்று சொன்னால் உண்மைக்குக் கிட்டே வரும். சமையலறைச் சுவரில் அரைத்தவர் பெயர் ஒன்றுகூட இல்லை.

பக்கத்துத் தெருவில் ஒரு ஃபோண்டா. நாலைந்து மேசைகள் போட்ட வீட்டுச் சாப்பாட்டுக் கடைக்கு அப்படிப் பெயர். கோழித்துண்டின் மேல் கருஞ்சிவப்பாக மோலே ஊற்றி, எள் தூவி, பக்கத்தில் சிவப்புச் சோறும் துணியில் சுற்றிய தோர்த்தியா ரொட்டிகளும் வைத்தார்கள். முதலில் மெல்லிய இனிப்பு. பிறகு புகை வாசனை. காரம் கடைசியில்தான், அவசரமில்லாமல் வருகிறது. வறுத்து அரைத்த செட்டிநாட்டுக் குழம்பு சாப்பிட்டு வளர்ந்த நாக்குக்கு அது அந்நியமாகத் தெரியவில்லை, தூரத்துச் சொந்தம் மாதிரி இருந்தது. மேசையைக் கடந்து வெளியே போகிறவர்கள் முன்பின் தெரியாத நம்மைப் பார்த்து 'ப்ரொவெச்சோ' என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். சாப்பாடு உடம்பில் ஒட்டட்டும் என்று வாழ்த்துவதாக வைத்துக்கொள்ளலாம். பதிலுக்கு 'கிராசியாஸ்' சொன்னால் போதும்.

ஆகஸ்ட், செப்டம்பரில் வருபவர்களுக்கு இன்னொரு யோகமும் உண்டு. சிலேஸ் என் நொகாதா. பெரிய பச்சை பொப்லானோ மிளகாயைச் சுட்டுத் தோலுரித்து, கொத்துக்கறியோடு ஆப்பிள், பேரி, பீச் பழங்களைச் சேர்த்து வதக்கி உள்ளே அடைத்து, மேலே புது வால்நட் அரைத்த வெள்ளைச் சாறு ஊற்றி, மாதுளை முத்துகளும் பார்ஸ்லி இலையும் தூவித் தருகிறார்கள். புது வால்நட்டும் மாதுளையும் சேர்ந்து கிடைக்கும் இந்த மாதங்களில்தான் செய்ய முடியும். வால்நட்டின் மெல்லிய தோலை ஒவ்வொன்றாக நகத்தால் உரிக்க வேண்டும். விட்டுவிட்டால் சாறு கசக்கும். பச்சை, வெள்ளை, சிவப்பு. தேசியக் கொடி தட்டில் கிடக்கிறது. 1821 ஆகஸ்டில் ஸ்பெயினோடு சுதந்திர உடன்படிக்கையில் கையெழுத்திட்டுவிட்டு இந்த வழியாக வந்த தளபதி இத்துர்பிதேவுக்காக சாந்தா மோனிகா மடத்துக் கன்னிகாஸ்திரிகள் செய்தது என்று கதை. தளபதியின் பெயர் எல்லா உணவகப் பட்டியல் அட்டையிலும் இருக்கிறது. சமைத்தவர்கள் 'மடத்துக் கன்னியர்', அவ்வளவுதான்.

மிளகாயை முட்டைக் கலவையில் தோய்த்துப் பொரிக்க வேண்டுமா, கூடாதா என்பதில் ஊர் இரண்டுபட்டுக் கிடக்கிறது. பொரிக்காதது போலி என்று எங்கள் பரிசாரகர் முடிவாகச் சொன்னார். பக்கத்து மேசையில் இருந்த முதியவர் தலையாட்டி மறுத்தார். மோலேயும் இதுவும் ஒரே மதியத்தில் வேண்டாம் என்பது பொதுவான அறிவுரை. உடன் ஒரு நண்பர் இருந்தால் ஆளுக்குப் பாதி என்று சமாளிக்கலாம். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

6 கிழக்குத் தெரு முழுக்க மிட்டாய்க் கடைகள். சக்கரவள்ளிக்கிழங்கைச் சர்க்கரையோடு கிளறி, சுருட்டு போல உருட்டி, மெழுகுத்தாளில் சுற்றிய கமோட்டே, பூசணி விதைப் பாகு பூசிய வட்டப் பிஸ்கட்டுகள், இன்னும் பலவும். எல்லாவற்றுக்கும் ஏதோ ஒரு கன்னிமடம் உரிமை கொண்டாடுகிறது. அளவுக்கு மீறிய தித்திப்பு. இரண்டு வாங்கினால் போதும். அதே தெருவில் ஒரு வீட்டின் முகப்பெங்கும் துப்பாக்கிக் குண்டுத் துளைகள். 1910 நவம்பர் 18 அன்று சர்வாதிகாரி போர்ஃபிரியோ தியாசின் படை இந்த வீட்டை முற்றுகையிட்டது. உள்ளே ஆயுதம் சேர்த்து வைத்திருந்த அக்கிலெஸ் செர்தானும் அவருடைய குடும்பத்தினரும் திருப்பிச் சுட்டார்கள். தரைக்கடியில் பதுங்கியிருந்த அவர் மறுநாள் வெளியே வந்தபோது கொல்லப்பட்டார். மெக்சிகோப் புரட்சியின் முதல் குண்டுகள் என்று இவற்றைச் சொல்கிறார்கள். துளைகளை அடைக்காமல் விட்டிருக்கிறார்கள். மிட்டாய்ப் பொட்டலத்தோடு வருபவர்கள் அங்கே நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

மூன்று மணிக்குச் சொல்லி வைத்ததுபோல மழை. ஒதுங்கியது எல் பாரியான் கைவினைச் சந்தையில். பெயரைக் கவனிக்க வேண்டும். பாரியான் என்பது மணிலாவில் சீன வணிகர்கள் இருந்த கடைவீதியின் பெயர். 1565 முதல் 1815 வரை, இருநூற்றைம்பது ஆண்டுகள், மணிலாவிலிருந்து பசிபிக் கடலைக் கடந்து மெக்சிகோவின் அகபுல்கோ துறைமுகத்துக்கு ஸ்பானியக் கப்பல்கள் வந்துகொண்டிருந்தன. பட்டு, பீங்கான், இந்தியத் துணி, மசாலா எல்லாம் வந்தன. அங்கிருந்து கழுதை முதுகில் மெக்சிகோ சிட்டி, புவெப்லா, பிறகு அட்லாண்டிக் கரையில் வேராக்ரூஸ். பணக்காரர்கள் சீனப் பீங்கானைப் பார்த்துச் சொக்கியதால் புவெப்லாவின் குயவர்கள் அதே நீலம், அதே வெள்ளையில் பாத்திரம் செய்யத் தொடங்கினார்கள். ஸ்பெயினின் தலவேரா ஊர்த் தொழில்நுட்பம், அதற்கு முன் அரபிகளுடையது; சாயல் சீனாவுடையது; மண் மெக்சிகோவுடையது. ஊரில் வீட்டு முகப்பு, குவிமாடம், கிணறு, குளியலறை எங்கும் இந்த ஓடுகள்தான். 2019-ல் யுனெஸ்கோ இந்தக் கைவினையை ஸ்பெயினுடையதோடு சேர்த்து மனிதகுல மரபுப் பட்டியலில் ஏற்றியது. சந்தையில் மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் அச்சில் வார்த்தவை. அசல் தலவேராவின் அடியில் பட்டறைப் பெயர் இருக்கும், விலையும் தலைசுற்ற வைக்கும்.

கப்பல்களில் பீங்கான் மட்டும் வரவில்லை. ஆட்களும் வந்தார்கள். மலபார், வங்கம், பிலிப்பைன்ஸ் என்று எங்கெங்கோ பிடிபட்டு மணிலாவில் விற்கப்பட்ட அடிமைகள். எந்த ஊராக இருந்தாலும் மெக்சிகோவில் இறங்கியதும் எல்லோருக்கும் ஒரே பெயர்: 'சீனோ', சீனாக்காரர். 1672-ல்தான் ஸ்பானிய அரசு இவர்களை விடுவிக்க ஆணையிட்டது.

மழை விட்டதும் பல்கலைக்கழகப் பழைய கட்டிடத்தை ஒட்டியிருக்கும் லா கொம்பானியா தேவாலயத்துக்குப் போனேன். சேசு சபையார் கட்டியது. கோபுரங்கள் வெண்ணிறச் சுதை வேலைப்பாட்டில் சர்க்கரைப் பண்டம்போல இருக்கின்றன. புவெப்லாவின் மிகப் பிரபலமான இந்தியர் இங்கேதான் அடக்கம் செய்யப்பட்டார். 1688 ஜனவரி 5-ல் இறந்த அவருடைய கிறிஸ்தவப் பெயர் கத்தாரினா தெ சான் ஹுவான். பிறந்தபோது வைத்த பெயர் மிர்ரா என்பது மரபு.

முகலாயர் ஆண்ட பகுதியில் பிறந்தவர். சிறுமியாக இருக்கும்போதே போர்ச்சுகீசியக் கடற்கொள்ளையர் பிடித்துப்போனார்கள். கொச்சியில் ஞானஸ்நானம். மணிலாவில் விற்பனை. பிறகு அகபுல்கோ. 1620-ஐ ஒட்டி மிகெல் தெ சோசா என்ற புவெப்லாவின் கேப்டன் அவரை வாங்கினார். சோசா இறந்தபின் ஒரு பாதிரியாரின் வீட்டில் வேலை பார்த்தார். அந்தப் பாதிரியாரின் அடிமையான தொமிங்கோ என்ற 'சீனோ'வுக்கு மணம் செய்து வைக்கப்பட்டார். தாம்பத்தியத்துக்குக் கடைசிவரை சம்மதிக்கவில்லை. பிறகு ஜெபம், விரதம், தரிசனங்கள் என்று வாழ்ந்து, ஊரே தேடிவந்து பிரார்த்திக்கச் சொல்லும் புனிதப் பெண்மணியாக முதுமையடைந்தார். சவ ஊர்வலத்துக்குத் திரண்ட கூட்டம் அவருடைய ஆடையைத் துண்டு துண்டாகப் பிய்த்தெடுத்துப் போனது.

அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவரைப் பற்றித்தான் அலோன்சோ ராமோஸ் என்ற சேசு சபைப் பாதிரியார் 1689 முதல் 1692 வரை மூன்று தொகுதிகள் எழுதினார். அவரிடம் பாவ சங்கீர்த்தனம் கேட்டவரும் ராமோஸ்தான். அரச குலத்தில் பிறந்தவர், பாலைவிட வெண்மையான நிறம், நாள்தோறும் ஏசுவோடு உரையாடல் என்றெல்லாம் விரிந்துகொண்டே போயிற்று புத்தகம். 1696-ல் மெக்சிகோவின் மத விசாரணை மன்றம் அதைத் தடை செய்தது. புனிதர் பட்டம் கிடைக்கவில்லை. அடிமைச் சிறுமி சொன்னது எவ்வளவு, குரு சேர்த்தது எவ்வளவு என்று பிரித்தெடுக்க வரலாற்றாசிரியர்கள் இன்றும் முயன்றுகொண்டிருக்கிறார்கள்.

மறந்துபோயிருக்க வேண்டியவரை 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் உள்ளூர் எழுத்தாளர்கள் திரும்பக் கொண்டுவந்தார்கள், வேறு வேடத்தில். அந்த நூற்றாண்டில் மெக்சிகோவின் நகரங்களில் எடுப்பாக உடுத்தித் திரிந்த சாதாரணப் பெண்களுக்கு 'சீனா' என்று பெயர் இருந்தது. ஜரிகைப் பொட்டுகள் மின்னும் சிவப்புப் பாவாடை, பூ வேலை செய்த வெள்ளை ரவிக்கை, தோளில் சால்வை. சீனா, புவெப்லா இரண்டும் சேர்ந்து 'சீனா பொப்லானா' ஆயிற்று. மிர்ரா கொண்டுவந்த உடை அது என்று கதை பிறந்தது. உண்மையில் மிர்ரா அணிந்தது முரட்டுக் கருப்பு ஆடை, தலையில் முக்காடு. அவருடைய வாழ்க்கை வரலாறுகள் திரும்பத் திரும்பச் சொல்வதும் அந்த எளிமையைத்தான். இன்று சீனா பொப்லானா மெக்சிகோப் பெண்ணின் தேசிய உடை. பொம்மைக் கடையில், தபால் அட்டையில், பள்ளி ஆண்டு விழாவில் எங்கும் இருக்கிறது.

தேவாலயத்தில் மாலைப் பூசை நடந்துகொண்டிருந்தது. அவருடைய கல்லறை பாத்திர அறைப் பக்கம் என்கிறார்கள். அங்கே கதவு சாத்தியிருந்தது. வாசலில் மெழுகுவர்த்தி விற்ற மூதாட்டியிடம், அந்தப் பெண் எங்கள் நாட்டவர் என்று சொல்ல முயன்றேன். இதில் மொழிச் சங்கடம் ஒன்று உண்டு. ஸ்பானிய மொழியில் 'இந்தியா' என்று ஒரு பெண்ணைச் சொன்னால் பூர்வகுடிப் பெண் என்று பொருள். பல வாய்களில் அது வசைச்சொல். நம் நாட்டவர் எந்த மதமானாலும் இவர்களுக்கு 'இந்து'. மூதாட்டி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அவள் சீன இளவரசியாயிற்றே" என்றார். பிறகு சற்று யோசித்து, "இளவரசி என்று பாதிரிமார் சொன்னார்கள். விலைக்கு வந்தவளை இளவரசி என்றால் நம் மனசுக்கு ஆறுதல்" என்றார்.

ஸோக்கலோவில் விளக்குகள் போட்டிருந்தார்கள். சுதந்திர தின விழாவுக்காகப் பத்துப் பன்னிரண்டு சிறுமிகள் பாவாடையை இரு கையாலும் விரித்துப் பிடித்து ஆடப் பழகிக்கொண்டிருந்தார்கள். ஜரிகைப் பொட்டுகளில் ஒளி தெறித்தது. ஒரு குட்டிப் பெண் மட்டும் தாளம் தவறி, தவறி, பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி தொடங்கினாள்.

இரவு உணவுக்கு இரண்டு வழிகள். 1930-களில் மத்திய கிழக்கிலிருந்து வந்து குடியேறியவர்கள் தங்கள் ஆட்டுக்கறி ஷவர்மாவைப் பன்றிக்கறிக்கு மாற்றி உண்டாக்கிய 'அரபு டாக்கோ' ஒன்று. செமீட்டா மற்றொன்று. எள் ஒட்டிய உருண்டை ரொட்டியைப் பிளந்து, வறுத்த இறைச்சி, நூல் நூலாகப் பிரியும் பாலாடைக்கட்டி, வெண்ணெய்ப்பழம், புகையூட்டிய சிப்போட்லே மிளகாய் ஆகியவற்றை அடுக்கி, மேலே பாபலோ என்ற தழையை வைத்து மூடுவார்கள். இறைச்சி வேண்டாம் என்றால் சிரித்துக்கொண்டே கட்டியை இரட்டிப்பாக வைத்துத் தருகிறார்கள். பாபலோவின் வாசனை பச்சைக் கொத்தமல்லிக்கு அருகில், ஆனால் இன்னும் முரட்டுத்தனம். முதல் கடியில் துப்பத் தோன்றும், மூன்றாவது கடியில் இன்னும் நாலு தழை கேட்கத் தோன்றும். கார்மென் சந்தை செமீட்டாவுக்குப் பேர்போனது. ஆனால் பகலிலேயே போய்விட வேண்டும். நான் வாங்கியது சதுக்கத்தின் அருகே ஒரு சிறு கடையில். பாதியை அங்கேயே நின்று தின்றுவிட்டு, மீதியைத் தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு, மெக்சிகோ சிட்டி பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பினேன்.